முனையப் பன்மையாக்கியில் சாளரப் பிரிப்பு

முனையப் பன்மையாக்கி அல்லது டெர்மினல் மல்டிபிளெக்சர் என்பது ஒரே முனையத்தின் வழியாகப் பல கட்டளைவரி அமர்வுகளை நடத்த உதவும் மென்பொருள் ஆகும். யுனிக்ஸ், லினக்சு முதலிய இயங்குதளங்களில் இது பயன்படுத்தப்படுகின்றது. ஜிஎன்யூ ஸ்கிரீன், டிமக்ஸ் ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்ட கட்டற்ற மென்பொருள்கள். ஒரே திரையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனி நிரலை இயக்கும் வசதி சாளரப் பிரிப்பு எனப்படும். பிரிக்கப்பட்ட பகுதி ஒவ்வொன்றும் பலகம் எனவும், பலகங்கள் திரையில் அமைந்துள்ள ஒழுங்கு தளவமைப்பு எனவும் இக்கட்டுரையில் குறிக்கப்படுகின்றன.

சாளரப் பிரிப்பு என்பது திரையின் நடுவே ஒரு கோடு வரைவது போலத் தோன்றும். ஆனால் அக்கோட்டை வரைவதற்கு மென்பொருள் ஒவ்வொரு பலகத்துக்கும் தானே ஒரு முனையமாக மாறவேண்டும். திரையில் உள்ள ஒவ்வோர் எழுத்தும் எத்தனை கட்டங்களைப் பிடிக்கின்றது என்பதையும் பிழையின்றி அறிந்திருக்கவேண்டும். இவ்வசதி முழுமை பெறப் பல ஆண்டுகள் ஆனதற்கும், தமிழ் எழுத்துகள் இடம்பெறும்போது பலகங்களின் எல்லை சில வேளைகளில் குலைவதற்கும் இதுவே காரணம்.

பயன்பாடு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் அலுவலகத்தில் இருந்துகொண்டு, வேறொரு நகரில் உள்ள வழங்கியைப் பராமரிக்கும் பொறியாளர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவர் எஸ்எஸ்எச் வழியாக வழங்கியில் நுழைந்து, முடிவதற்குப் பல மணிநேரம் ஆகும் தரவுத்தள வேலை ஒன்றைத் தொடங்குகிறார். இடையில் மின்சாரமோ இணைய இணைப்போ அறுந்தால், அந்த அமர்வின் முனையம் மறைந்துவிட்டதாக இயங்குதளம் நிரலுக்கு ஒரு சமிக்கை அனுப்பும். அதைப் பெற்ற நிரல் வழக்கமாக நின்றுவிடும். 2008க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மின்வெட்டு அன்றாட நிகழ்வாக இருந்தபோது, இவ்வாறு பாதியில் நின்ற வேலைகளை மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டிய நிலை பலருக்கும் ஏற்பட்டது.

முனையப் பன்மையாக்கி வழங்கியிலேயே இயங்குகின்றது. நிரல் பன்மையாக்கியுடன் பிணைக்கப்பட்டிருக்கும். பொறியாளரின் இணைப்பு பன்மையாக்கியைப் பார்வையிடும் ஒரு வழி மட்டுமே. இணைப்பு அறுந்தாலும் நிரல் தொடர்ந்து ஓடும். அவர் மாலையில் ஆவடியில் உள்ள வீட்டிலிருந்து மீண்டும் இணைந்து, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

சாளரப் பிரிப்பு இதனுடன் இன்னொரு பயனைச் சேர்க்கின்றது. இடப்பக்கம் நிரலின் மூலத்தைத் திருத்திக்கொண்டே, வலப்பக்கம் அது எழுதும் பதிவேட்டைப் பார்க்கலாம். பிழைச்செய்தியையும் அதற்குக் காரணமான வரியையும் ஒருசேரக் காண முடிவதால், சாளரங்களுக்கு இடையே மாறி மாறிச் சென்று நினைவில் வைத்துக்கொள்ளும் தேவை குறைகின்றது.

முனையமும் கட்டங்களும்

தற்கால முனைய மென்பொருள்கள் பலவும் டிஜிட்டல் எக்குவிப்மென்ட் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100 என்னும் கருவியின் நடத்தையைப் பின்பற்றுகின்றன. அதன் திரை 80 நிரல்களும் 24 வரிகளும் கொண்ட கட்டங்களால் ஆனது (இங்கு நிரல் என்பது மேலிருந்து கீழாகச் செல்லும் பத்தியைக் குறிக்கும், குழப்பத்தைத் தவிர்க்க இனி அது நெடுவரிசை எனப்படும்). ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து என்பதே அடிப்படை விதி. சுட்டியை நகர்த்துதல், வரியை அழித்தல், நிறத்தை மாற்றுதல் போன்ற வேலைகளுக்குச் சிறப்புக் குறித்தொடர்கள் உண்டு. நிரல்கள் எழுத்துகளோடு இக்குறித்தொடர்களையும் கலந்து முனையத்துக்கு அனுப்புகின்றன.

பன்மையாக்கி இந்த ஓட்டத்துக்கு இடையில் அமர்கின்றது. ஒவ்வொரு பலகத்துக்கும் இயங்குதளத்திடமிருந்து ஒரு போலி முனையத்தைப் பெற்று, அதனுள் நிரலை இயக்குகின்றது. நிரல் அனுப்பும் குறித்தொடர்களைத் தானே படித்துப் பொருள்கொண்டு, அப்பலகத்தின் நிலையைத் தன் நினைவகத்தில் கட்டம் கட்டமாகப் பதிவு செய்கின்றது. பின்னர் அப்பதிவுகளையெல்லாம் ஒன்றாகத் தொகுத்து, பயனரின் உண்மையான முனையத்துக்கு ஏற்ற குறித்தொடர்களாக மாற்றி அனுப்புகின்றது.

பலகத்தின் அளவு மாறும்போது, பன்மையாக்கி போலி முனையத்தின் புதிய அளவை இயங்குதளத்துக்குத் தெரிவிக்கும். இயங்குதளம் அளவு மாறியதற்கான சமிக்கையை நிரலுக்கு அனுப்பும். உரைத்தொகுப்பி போன்ற நிரல்கள் அதைப் பெற்றுத் தம் தோற்றத்தை மீண்டும் வரைந்துகொள்கின்றன. தான் திரையின் ஒரு மூலையில் மட்டும் இருப்பதை நிரல் அறியாது. 40 நெடுவரிசை கொண்ட சிறிய முனையம் ஒன்றில் இருப்பதாகவே அது கருதும்.

பக்கவாட்டுப் பிரிப்பின் கடினம்

திரையை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். ஒரு பலகம் மேலும் மற்றொன்று கீழும் இருப்பது மேல்-கீழ்ப் பிரிப்பு. ஒன்று இடமும் மற்றொன்று வலமும் இருப்பது பக்கவாட்டுப் பிரிப்பு. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் முனையத்தைப் பொறுத்தவரை இவை பெரிதும் வேறுபட்டவை. அதற்கான காரணங்கள் பின்வருமாறு:

1. விடி100இல் உருட்டும் பகுதியின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் குறிக்க முடியும். எனவே மேல்-கீழ்ப் பிரிப்பில் ஒரு பலகத்தை மட்டும் உருட்டும் வேலையை முனையமே செய்துவிடும். இட, வல எல்லைகளைக் குறிக்கும் வசதி அதில் இல்லை. அவ்வசதி 1990இல் வந்த விடி420இல்தான் இடம்பெற்றது. தற்போதைய முனைய மென்பொருள்கள் எல்லாவற்றிலும் அது இருப்பதில்லை.

2. "வரியின் முடிவு வரை அழி" என்னும் குறித்தொடர் திரையின் வல ஓரம் வரை அழிக்கும். இடப் பலகத்தில் உள்ள நிரல் இதை அனுப்பினால், அதை அப்படியே முனையத்துக்கு அனுப்ப முடியாது. அனுப்பினால் வலப் பலகத்தின் வரியும் அழிந்துவிடும். பன்மையாக்கி பலகத்தின் எல்லை வரை மட்டும் வெற்றிடங்களை நிரப்பவேண்டும்.

3. நீண்ட வரி திரையின் வல ஓரத்தைத் தொடும்போது முனையம் தானாக அடுத்த வரிக்குச் செல்லும். பலகத்தின் ஓரத்தில் அவ்வாறு செல்லாது. எனவே வரி மடிப்பையும் பன்மையாக்கியே கணக்கிடவேண்டும்.

சுருங்கக் கூறின், மேல்-கீழ்ப் பிரிப்பில் முனையத்தின் உதவி கிடைக்கின்றது. பக்கவாட்டுப் பிரிப்பில் அவ்வுதவி பெரும்பாலும் இல்லை. இடப் பலகம் ஒரு வரி உருளும்போது, அப்பலகத்தின் வரிகள் அனைத்தையும் பன்மையாக்கி மீண்டும் எழுதவேண்டியிருக்கலாம். மெதுவான இணைப்புகளில் இந்த வேறுபாட்டைக் கண்ணாலேயே உணரலாம். இட, வல எல்லைகளை ஆதரிக்கும் முனையங்களில் டிமக்ஸ் அவ்வசதியைப் பயன்படுத்திக்கொள்கின்றது.

வரலாறு

ஸ்கிரீன் மென்பொருளை ஒலிவர் லவுமன், கார்ஸ்டன் போர்மன் ஆகியோர் உருவாக்கி 1987இல் வெளியிட்டனர். பின்னர் அது ஜிஎன்யூ திட்டத்தின் பகுதியாயிற்று. பல சாளரங்களை வைத்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதே அதன் தொடக்க நோக்கம். மேல்-கீழ்ப் பிரிப்பு பிற்பாடு சேர்க்கப்பட்டது. 2003இல் வெளியான 4.0 பதிப்பிலும் பக்கவாட்டுப் பிரிப்பு இல்லை. அதை விரும்பியோர் தனியாகக் கிடைத்த ஒட்டு ஒன்றை மூலநிரலில் இணைத்து, தாமே தொகுத்துப் பயன்படுத்தினர். சில லினக்சு வழங்கல்கள் அவ்வொட்டைச் சேர்த்தே ஸ்கிரீனை வழங்கின. 2014இல் வந்த 4.2 வரிசையில்தான் அவ்வசதி அதிகாரபூர்வ வெளியீட்டில் பரவலாகக் கிடைத்தது.

டிமக்ஸ் மென்பொருளை நிக்கோலஸ் மேரியட் 2007இல் தொடங்கினார். 2009இல் அது ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் அடிப்படைத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் அதன் தளவமைப்பு நிரற்பகுதி புதிதாக எழுதப்பட்டது. அதற்கு முன் ஒரு சாளரத்தின் பலகங்கள் ஒரு பட்டியலாக மட்டுமே இருந்தன. முன்னரே வரையறுக்கப்பட்ட தளவமைப்பு ஒன்று அப்பட்டியலின் மீது பொருத்தப்படும்; சாளரத்தின் அளவு மாறினாலோ புதிய பலகம் சேர்ந்தாலோ அதே அமைப்பு மீண்டும் பொருத்தப்படும். இதனால் பயனர் தன் விருப்பப்படி எந்தப் பலகத்தையும் எத்திசையிலும் பிரிப்பதோ பெரிதாக்குவதோ இயலாதிருந்தது. 2009ஆம் ஆண்டின் மாற்றம் பட்டியலுக்குப் பதிலாக மர வடிவத் தரவமைப்பைக் கொண்டுவந்தது. அதன்பின் எந்தப் பலகத்தையும் எத்திசையிலும் பிரிக்க முடிந்தது.

தளவமைப்பு மரம்

தளவமைப்பு மரத்தில் மூன்று வகைக் கணுக்கள் உள்ளன. தன் பிள்ளைகளை இடமிருந்து வலமாக அடுக்கும் கணு ஒன்று. மேலிருந்து கீழாக அடுக்கும் கணு மற்றொன்று. மூன்றாவது, ஒரு பலகத்தைத் தாங்கும் இலை. ஒவ்வொரு கணுவும் தன் அகலம், உயரம், சாளரத்தின் இட மேல் மூலையிலிருந்து தான் இருக்கும் தொலைவு ஆகியவற்றைக் கொண்டிருக்கும்.

80 நெடுவரிசை, 24 வரி கொண்ட முனையத்தில் டிமக்ஸ் இயங்குவதாகக் கொள்வோம். கீழே உள்ள ஒரு வரி நிலைப்பட்டைக்குச் செல்லும். எஞ்சியவை 23 வரிகள். மரத்தின் வளர்ச்சி பின்வருமாறு அமையும்:

1. தொடக்கத்தில் ஒரே இலை. அளவு 80க்கு 23.

2. பக்கவாட்டில் பிரித்தால், எல்லைக் கோட்டுக்கு ஒரு நெடுவரிசை தேவை. எஞ்சிய 79ஐச் சரிபாதியாக்க முடியாது. இடப் பலகத்துக்கு 40, வலப் பலகத்துக்கு 39 என ஒதுக்கப்படும். 40, 1, 39 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 80.

3. வலப் பலகத்தை மேல்-கீழாகப் பிரித்தால், அந்த இலை இருந்த இடத்தில் மேலிருந்து கீழாக அடுக்கும் புதிய கணு ஒன்று தோன்றும். அதன்கீழ் 11 வரி கொண்ட இரண்டு இலைகள் அமையும். 11, 1, 11 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 23.

ஏற்கெனவே உள்ள திசையிலேயே மீண்டும் பிரித்தால் மரத்தின் ஆழம் கூடுவதில்லை. புதிய இலை அதே தாய்க் கணுவின்கீழ் உடன்பிறப்பாகச் சேரும். திசை மாறும்போது மட்டுமே புதிய நிலை உருவாகும்.

பயனர் முனையச் சாளரத்தை இழுத்து 100 நெடுவரிசையாக்கினால், கூடுதலான 20 நெடுவரிசைகள் இட, வலக் கணுக்களுக்கு மாறி மாறி ஒவ்வொன்றாகப் பகிரப்படும். முடிவில் அவை 50, 49 என அமையும். வலப்பக்கக் கணுவின் பிள்ளைகள் இரண்டும் மேல்-கீழாக அடுக்கப்பட்டவை. எனவே அவை இரண்டுமே முழு 49ஐப் பெறும். இவ்வாறு அகலத்தில் ஏற்படும் மாற்றம் பக்கவாட்டுக் கணுவில் பங்கிடப்படுகின்றது. மேல்-கீழ்க் கணுவில் அப்படியே கீழே கடத்தப்படுகின்றது. உயரத்துக்கு இதன் மறுதலை பொருந்தும்.

ஒரு பலகத்தை மூடினால், அதன் இடமும் எல்லைக் கோட்டின் இடமும் அருகிலுள்ள உடன்பிறப்புக்குச் செல்லும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் வலக் கீழ்ப் பலகத்தை மூடினால் மேலுள்ள பலகம் 11, 1, 11 என மொத்தம் 23 வரிகளையும் பெறும். இப்போது தாய்க் கணுவுக்கு ஒரே பிள்ளைதான். அக்கணு தேவையற்றதாவதால் நீக்கப்பட்டு, பிள்ளை அதன் இடத்துக்கு உயர்த்தப்படும். பட்டியல் அமைப்பில் தனித்தனியே கையாளவேண்டிய இந்நிலைகள் யாவும் மர அமைப்பில் ஓரிரு விதிகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

முன்வரையறுத்த தளவமைப்புகளும் கைவிடப்படவில்லை. எல்லாப் பலகங்களையும் பக்கவாட்டில் சமமாக அடுக்குதல், மேல்-கீழாகச் சமமாக அடுக்குதல், ஒரு பெரிய பலகத்தை மேலே வைத்து ஏனையவற்றைக் கீழே அடுக்குதல், அதை இடப்பக்கம் வைத்து ஏனையவற்றை வலப்பக்கம் அடுக்குதல், ஓடு பதித்ததுபோல நிரப்புதல் ஆகிய ஐந்தும் டிமக்ஸில் நெடுங்காலமாக உள்ளவை. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தால் மரம் அதற்கேற்ப ஒருமுறை மாற்றியமைக்கப்படும். அதன்பின் பயனர் அதைத் தன் விருப்பப்படி திருத்தலாம்.

பெயர்க் குழப்பம்

"கிடைமட்டப் பிரிப்பு", "செங்குத்துப் பிரிப்பு" என்னும் சொற்கள் மென்பொருளுக்கு மென்பொருள் வேறு பொருளைத் தருகின்றன. டிமக்ஸில் கிடைமட்டப் பிரிப்பு என்பது பலகங்கள் கிடைமட்டமாக, அதாவது அருகருகே, அடுக்கப்படுவதைக் குறிக்கும். ஸ்கிரீனிலும் விம் உரைத்தொகுப்பியிலும் அருகருகே அமைவது செங்குத்துப் பிரிப்பு. அங்கு எல்லைக் கோட்டின் திசை கணக்கில் கொள்ளப்படுகின்றது. ஒன்று பலகங்களையும் மற்றொன்று கோட்டையும் நோக்கிப் பெயரிடுகின்றது என்பதை நினைவிற்கொண்டால் குழப்பம் நீங்கும்.

டிமக்ஸில் கண்ட்ரோல் விசையுடன் பி விசையை அழுத்தி, பின்னர் விழுக்காட்டுக் குறியை இட்டால் பலகம் பக்கவாட்டிலும், இரட்டை மேற்கோள் குறியை இட்டால் மேல்-கீழாகவும் பிரியும். வெற்றிட விசையை அழுத்தினால் முன்வரையறுத்த தளவமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

தளவமைப்பு நிலைத்திருத்தல்

ஸ்கிரீனில் திரைப்பகுதி என்பது பார்வையாளரின் முனையத்தைச் சேர்ந்தது. அதனுள் எந்தச் சாளரத்தையும் காட்டலாம். இதனால் பழைய பதிப்புகளில் இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைந்தால் சாளரங்கள் அப்படியே இருக்கும். பிரிப்புகள் மட்டும் மறைந்திருக்கும். தளவமைப்பைச் சேமிக்கும் கட்டளை பிற்பாடு சேர்க்கப்பட்டது. டிமக்ஸில் பலகங்கள் சாளரத்துக்கு உரியவை. தளவமைப்பு மரமும் வழங்கிப் பக்கமே வைக்கப்படுகின்றது. எனவே துண்டித்து இணைந்தாலும் தளவமைப்பு மாறாது.

டிமக்ஸ் தன் தளவமைப்பு மரத்தை ஒரே வரியில் எழுதித் தரவும் வல்லது. அவ்வரியில் பக்கவாட்டுக் கணுவின் பிள்ளைகள் நெளி அடைப்புக்குள்ளும், மேல்-கீழ்க் கணுவின் பிள்ளைகள் சதுர அடைப்புக்குள்ளும் இடம்பெறும். வரியின் தொடக்கத்தில் சரிபார்ப்புத் தொகை ஒன்று இருக்கும். வரி சிதைந்திருந்தால் தொகை பொருந்தாது. டிமக்ஸ் அதை ஏற்காது. அவ்வரியைக் கோப்பில் சேமித்து வைத்துப் பின்னர் அதே அமைப்பை மீட்கலாம். ஆயினும் இவை யாவும் வழங்கி இயங்கும் வரையில்தான். வழங்கியே மின்சாரம் இழந்து நின்றால் பலகங்களில் ஓடிய நிரல்களும் நின்றுவிடும். தளவமைப்பை மட்டுமே மீட்க முடியும்.

தமிழ் எழுத்துகளும் கட்ட அகலமும்

ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து என்னும் விதி ஆங்கில எழுத்துகளை மனத்திற்கொண்டு அமைந்தது. ஒருங்குறியில் தமிழ் உயிர்மெய் எழுத்து, மெய்க்குரிய ஒரு குறியீடும் உயிர்க்குறிக்குரிய ஒரு குறியீடுமாகச் சேமிக்கப்படுகின்றது. உயிர்க்குறிக்குத் தனிக் கட்டம் உண்டா இல்லையா என்பதே சிக்கல்.

ஒருங்குறி, இணையும் குறிகளை இடம் பிடிப்பவை, இடம் பிடிக்காதவை என வகைப்படுத்துகின்றது. தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காதவை. ஆகார, இகர, உகர, ஊகார, எகர முதலிய பிற உயிர்க்குறிகள் இடம் பிடிப்பவை. பல மென்பொருள்கள் முதல் வகைக்கு ஒரு கட்டமும் இரண்டாம் வகைக்குச் சுழியமும் தருகின்றன. இதன்படி "கி" இரண்டு கட்டங்களையும் "கீ" ஒரே கட்டத்தையும் பெறும். வேறு சில மென்பொருள்கள் எல்லா உயிர்க்குறிகளையும் மெய்யுடன் ஒரே கட்டத்தில் சேர்த்துவிடுகின்றன. மூன்று ஊர்ப்பெயர்களைக் கொண்டு இவ்வேறுபாட்டைக் காணலாம்:

ஆவடி: 4 குறியீடுகள், முதல் முறையில் 4 கட்டங்கள், இரண்டாம் முறையில் 3.

அம்பத்தூர்: 10 குறியீடுகள், முதல் முறையில் 7 கட்டங்கள், இரண்டாம் முறையில் 6.

பூந்தமல்லி: 10 குறியீடுகள், முதல் முறையில் 8 கட்டங்கள், இரண்டாம் முறையில் 6.

தமிழ்த் தட்டச்சுப் பொறியிலும் இதே கேள்வி எழுந்தது. அங்கு புள்ளியை அடிக்கும்போது உருளை நகர்வதில்லை. அதையடுத்து அடிக்கும் எழுத்தே உருளையை நகர்த்தும். ஆனால் தட்டச்சுப் பொறியில் முடிவு செய்வது ஒரே கருவி. பன்மையாக்கியிலோ மூன்று நிரல்கள் ஒத்துப்போகவேண்டும்: பலகத்துக்குள் ஓடும் நிரல், பன்மையாக்கி, பயனரின் கணினியில் உள்ள முனைய மென்பொருள். முதல் இரண்டும் தொலைவிலுள்ள வழங்கியிலும், மூன்றாவது அம்பத்தூரில் உள்ள மேசையிலும் இருக்கலாம். இவை பயன்படுத்தும் அகல அட்டவணைகள் வேறுபட்டால் கணக்கு பிறழும்.

பிறழ்வின் விளைவு பக்கவாட்டுப் பிரிப்பில் வெளிப்படையாகத் தெரியும். இடப் பலகத்தில் "பூந்தமல்லி" என்னும் சொல் 8 கட்டங்களைப் பிடித்ததாகப் பன்மையாக்கி கருதி, முனையம் 6 கட்டங்களில் வரைந்தால், அவ்வரியில் தொடர்ந்து எழுதப்படுபவை இரண்டு கட்டம் இடப்பக்கம் நகரும். எல்லைக் கோடு அவ்விடத்தில் உடைந்து தோன்றலாம். அழிக்கப்பட்டிருக்க வேண்டிய எழுத்துகள் எஞ்சி நிற்கலாம். சுட்டி ஓரிடத்தில் காட்டப்பட்டு, தட்டச்சு செய்வது வேறிடத்தில் விழலாம். கோப்பின் உள்ளடக்கம் இதனால் கெடுவதில்லை. ஆனால் எதை அழிக்கிறோம் என்பது சரியாகத் தெரியாத நிலையில் பயனர் தவறான எழுத்தை அழித்துவிட வாய்ப்புண்டு.

அகல அட்டவணை சரியாக இருந்தாலும் முழுத் தீர்வு கிட்டுவதில்லை. "ண", "ஔ" போன்ற எழுத்துகள் ஆங்கில எழுத்துக்கு அளவான கட்டத்தில் அடங்காமல் நெருக்குண்டு தோன்றும். எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்குப் பின் சேமிக்கப்பட்டு மெய்க்கு முன் வரையப்படுபவை. கட்டம் கட்டமாக மட்டும் வரையும் முனையங்களில் அவை இடம் மாறித் தோன்றும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மெய்யின் இருபுறமும் அமைபவை.

கண்டறிதலும் தவிர்த்தலும்

ஒரு முனையத்தில் இச்சிக்கல் உள்ளதா என அறிய எளிய சோதனை உண்டு. பன்மையாக்கியின்றி ஒரு வரியில் "பூந்தமல்லி" என எழுதி அதன்பின் ஒரு செங்குத்துக் கோட்டை இடவேண்டும். அடுத்த வரியில் எட்டு ஆங்கில எழுத்துகளை எழுதி அதேபோலக் கோட்டை இடவேண்டும். கோடுகள் நேராக அமைந்தால் முனையம் முதல் முறையைப் பின்பற்றுகின்றது. முதல் வரியின் கோடு இரண்டு கட்டம் முன்னதாக அமைந்தால் இரண்டாம் முறையைப் பின்பற்றுகின்றது. பின்னர் பன்மையாக்கியின் இடப் பலகத்தில் அதே சொல்லை எழுதி, எல்லைக் கோடு நேராக நிற்கின்றதா என ஒப்பிடலாம்.

எல்லை குலைந்தால், தமிழ் உரை உள்ள சாளரத்தை மேல்-கீழாகப் பிரிப்பது நல்லது. அங்கு எல்லை ஒரு வரி முழுவதையும் பிடிப்பதால், மேலுள்ள வரியின் அகலக் கணக்கு பிறழ்ந்தாலும் கோடு நகர்வதில்லை. சுட்டி இடம் தவறும் சிக்கல் மட்டும் எஞ்சியிருக்கும். தமிழ் உரையைத் தனிச் சாளரத்தில் முழுத் திரையாக வைத்துக்கொள்வது மற்றொரு வழி. முனையம், பன்மையாக்கி ஆகிய இரண்டையும் அண்மைப் பதிப்புகளுக்கு மேம்படுத்துவதும் அட்டவணை வேறுபாட்டைக் குறைக்க உதவும்.